யாரை விட்டுவிட்டு இந்த முடிவு?

தீசிஸ் சீசன். எம்.டி. முதலாமாண்டுப் பிள்ளைகள் புரோட்டோகாலோடு, அதாவது ஆய்வுத் திட்டத்தோடு, வந்துகொண்டே இருக்கிறார்கள். எல்லாவற்றிலும் அச்சு அசலாக ஒரே பத்தி. இன்க்ளூஷன் (யாரைச் சேர்ப்போம்): 18 வயதுக்கு மேற்பட்டவர்கள். எக்ஸ்க்ளூஷன் (யாரை விலக்குவோம்): 18 வயதுக்குக் கீழானவர்கள், கர்ப்பிணிகள், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள், ஒப்புதல் தராதவர்கள். சீனியரின் சீனியர் எழுதியது, பரம்பரைச் சொத்து மாதிரி இறங்கி வருகிறது.

18க்கு மேல்தான் சேர்ப்போம் என்று சொன்ன பிறகு சின்னப் பிள்ளைகளை எதற்குத் தனியாக வெளியேற்ற வேண்டும், அவர்கள்தான் உள்ளேயே வரவில்லையே! சேரத் தகுதி இருந்தும் ஏதோ ஒரு காரணத்துக்காக நாம் நிறுத்திவைக்கிறோமே, அவருக்குத்தான் எக்ஸ்க்ளூஷன். சரி, அந்தக் காரணம் என்ன என்று கேட்டால், "எல்லா பேப்பர்லயும் அப்படித்தான் சார் இருக்கு."

என்னைப் பொறுத்தவரை இரண்டே காரணங்கள் செல்லும். கொடுக்கப்போகும் மருந்து அவருக்குக் கெடுதல் செய்யலாம், அல்லது நாம் அளக்க நினைப்பதை அவரிடம் ஒழுங்காக அளக்க முடியாது. மற்றதெல்லாம் பெரும்பாலும் நம் வசதிக்காகத்தான்.

நியாயமான விலக்குக்கும் ஒரு பின்கதை உண்டு. 1999-ல் ரேல்ஸ் ஆய்வு வந்தது. கடுமையான இதயச் செயலிழப்பு உள்ள 1,663 பேர். ஸ்பைரோனோலாக்டோன் சாப்பிட்டவர்களிடம் இறப்பு 30 சதவீதம் குறைவு. பழைய, மலிவான மாத்திரை, கேட்கவா வேண்டும்! ஆனால் கிரியேட்டினின் (சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் ரத்த அளவு) 2.5-ஐயும் பொட்டாசியம் 5-ஐயும் தாண்டியவர்களை அதில் சேர்க்கவில்லை. சரியான முடிவு, ஏனென்றால் இந்த மாத்திரை பொட்டாசியத்தை ஏற்றும், அது எக்கச்சக்கமாக ஏறினால் இதயமே நின்றுபோகலாம். சேர்த்தவர்களுக்கும் அடிக்கடி ரத்தம் எடுத்துப் பார்த்துக்கொண்டே இருந்தார்கள். அப்புறம் நடந்ததுதான் கொடுமை. ஆய்வின் முடிவு ஊரெல்லாம் போனது, விலக்குப் பட்டியல் கூடப் போகவில்லை. கனடாவின் ஒன்டாரியோவில் 66 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களின் பதிவுகளை அலசி 2004-ல் ஒரு கட்டுரை வந்தது. இதயச் செயலிழப்புக்கு ஏ.சி.ஈ. வகை மாத்திரை எடுத்துவந்தவர்களில், 1994-ல் ஆயிரத்துக்கு 34 ஆக இருந்த ஸ்பைரோனோலாக்டோன் சீட்டுகள் 2001 கடைசியில் 149. பொட்டாசியம் ஏறி ஆஸ்பத்திரியில் சேர்ந்தவர்கள் ஆயிரத்துக்கு 2.4-லிருந்து 11. அதோடு சேர்ந்த இறப்பு 0.3-லிருந்து 2.

இப்போது நம் ஓ.பி.க்கு வாருங்கள். அறுபத்தைந்து வயது, இருபது வருஷ சுகர், பி.பி., கொஞ்சம் ஏறிய கிரியேட்டினின். வரிசையில் பாதிப் பேர் இப்படித்தான். இவர்களை மொத்தமாகத் தள்ளிவிட்டு எடுத்த முடிவை நாளைக்கு இவர்களுக்கேதான் எழுதிக் கொடுக்கப்போகிறோம்.

பெண்கள் கதை தனி. ஆஸ்பிரின் மாரடைப்பை 44 சதவீதம் குறைக்கிறது என்று 1989-ல் சொன்ன அமெரிக்க ஆய்வில் இருந்த 22,071 பேரும் ஆண் டாக்டர்கள். கிட்டத்தட்ட நாற்பதாயிரம் பெண்களிடம் பார்த்த முடிவு 2005-ல் வந்தபோது மாரடைப்பில் ஒட்டுமொத்தமாகப் பெரிய வித்தியாசம் இல்லை, பக்கவாதம்தான் குறைந்திருந்தது. டோஸ் வேறு என்பது உண்மைதான், ஆனாலும் பதினாறு வருஷம்!

கர்ப்பிணிகளை விட்டுவிட்டால் பாதுகாப்பு என்று நினைக்கிறோம். கொரோனா தடுப்பூசியின் பெரிய ஆய்வுகளில் அவர்களைச் சேர்க்கவில்லை, அதனால் தரவு இல்லை. இங்கே ஊசி போட ஆரம்பித்தது 2021 ஜனவரியில், கர்ப்பிணிகளுக்கு அனுமதி ஜூலையில். நடுவில் இரண்டாம் அலை வந்து போய்விட்டது.

நேர்மாறான உதாரணம் சென்னையிலேயே இருக்கிறது. 1956-ல் சேத்துப்பட்டில் தொடங்கிய காசநோய் ஆய்வு. சானடோரியத்தில் (காசநோயாளிகளைத் தங்கவைக்கும் ஆஸ்பத்திரி) நல்ல சாப்பாடும் ஓய்வுமாக ஒரு கூட்டம், வீட்டிலேயே அதே மாத்திரையோடு இன்னொரு கூட்டம். நெரிசலான வீடு, அரைவயிற்றுச் சாப்பாடு, இவர்களை வைத்து எப்படி ஆய்வு செய்வது என்று தள்ளியிருக்கலாம், தள்ளவில்லை. வீட்டில் இருந்தவர்களும் ஏறக்குறைய அதே அளவுக்குக் குணமானார்கள், கூட இருந்தவர்களுக்கும் அதனால் தொற்று கூடவில்லை. 1959-ல் முடிவு வெளியானது. சானடோரியம் இல்லாமலே காசநோயைக் குணப்படுத்தலாம் என்று உலகம் நம்பியதில் அந்த ஏழை நோயாளிகளுக்குப் பெரிய பங்கு உண்டு.

இன்றைக்கு என் மேஜையில் இருக்கும் ஒரு புரோட்டோகாலில் "படிக்கத் தெரியாதவர்கள்" என்று ஒரு விலக்கு. ஆய்வோடு சம்பந்தமில்லாத ஒரு சாட்சியை வைத்துப் படித்துக் காட்டிக் கைரேகை வாங்கலாம் என்று நம் விதிகளே சொல்கின்றன. கொஞ்சம் நேரம் கூட ஆகும், அவ்வளவுதான். அந்த வரியை அடித்துவிட்டேன்.

டாக்டர் அல்லாதவர்களுக்கும் ஒன்று. புது மருந்து அற்புதம் என்று வாட்ஸ்அப்பில் வந்தால் சதவீதத்தை அப்புறம் பார்க்கலாம். 2009 ஜூனிலிருந்து இந்தியாவில் நடக்கும் மருந்து ஆய்வுகளை சி.டி.ஆர்.ஐ. தளத்தில் பதிவு செய்தே ஆக வேண்டும், யாரைச் சேர்ப்பார்கள் யாரை மாட்டார்கள் என்பது அதிலேயே இருக்கும், யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். உங்கள் அப்பாவை அதில் சேர்த்திருப்பார்களா என்று தேடுங்கள். தளம் கொஞ்சம் கரடுமுரடு, பொறுமை வேண்டும்.