படம் இங்கே எடுத்தால் காசும் இங்கேயே நிற்குமா?

தம்பி, அரச காசில் எடுக்கிற சுற்றுலா விளம்பரத்தை எல்லாம் இலங்கையின் கிழக்கு மாகாணத்திலேயே எடுக்க வேண்டும் என்று மாகாண சபை நாளைக்கே சட்டம் போடலாம், காசு முழுக்க நம்ம சனத்துக்குத்தான் என்று எழுதியிருக்கிறீங்கள். ஆசை சரி, விஷயம் பிழை.

சட்டம் போட முதலில் சபை வேண்டுமே. கிழக்கு மாகாண சபையின் காலம் 2017 செப்டம்பரில் முடிந்துவிட்டது, அப்புறம் ஆளுநர் நிர்வாகம்தான். சபை இருந்தாலும், நாட்டுக்கான பெரிய விளம்பரங்களைச் செய்கிற சுற்றுலா ஊக்குவிப்புப் பணியகம் 2005ஆம் ஆண்டின் 38ஆம் இலக்கச் சட்டத்தில், அதாவது பாராளுமன்றம் போட்ட சட்டத்தில் வந்தது. அதன் காசை எங்கே செலவழிப்பது என்று மாகாணம் உத்தரவு போட முடியாது, தன் சொந்த நிதிக்கு வேண்டுமென்றால் நிபந்தனை வைக்கலாம்.

காசு விஷயம் இன்னும் மோசம். பாசிக்குடா, அறுகம்பை மாதிரி நம்ம கடற்கரைகளில் ஒரு குழு வந்து விளம்பரம் எடுத்தால் இங்கே நிற்பது அறை வாடகை, படகுக் கூலி, சோற்றுப் பார்சல் காசு. கமரா, ட்ரோன், எடிட்டிங், விளம்பர நிறுவனத்தின் கட்டணம் எல்லாம் வந்த வேனிலேயே கொழும்புக்குத் திரும்பிவிடும். கேட்பதென்றால் இடத்தை மட்டும் கேட்காதீங்கள், மட்டக்களப்பு கல்லடியில் விபுலானந்த அழகியற் கற்கைகள் நிறுவகத்தில் படித்து வருகிற பிள்ளைகளைக் கமராவுக்கும் எடிட்டிங்குக்கும் சம்பளத்தோடு வேலைக்கு எடுக்கச் சொல்லியும் கேளுங்கள்.