அடுத்தவரின் வினையை அளக்க நாம் யார்?

செத்தவீடுகளில் என்னால் பொறுக்க முடியாத ஒரு வசனம் உண்டு. "போன பிறப்பில என்ன செய்தாளோ, இப்ப அனுபவிக்கிறாள்." சொல்பவர்கள் கெட்ட மனிதர்கள் இல்லை. கோயிலுக்குப் போகிறவர்கள், விரதம் பிடிக்கிறவர்கள். பிள்ளையைப் பறிகொடுத்த தாய்க்குக் கேட்கும் தூரத்தில் இருந்துகொண்டே இதைச் சொல்லிவிட்டுத் தேத்தண்ணி குடிக்கிறார்கள்.

எனக்கு மறுபிறப்பில் நம்பிக்கை உண்டு. கன்மத்திலும் உண்டு. நம்புவதால்தான் இவ்வளவு கோபம் வருகிறது. உயிர் பிறவி பிறவியாகப் படித்துப் படித்துத் தெளிகிறது என்ற எவ்வளவு பெரிய எண்ணம் அது! அதைக் குற்றஞ்சாட்டும் ஒரு வரியாகக் குறுக்கி வைத்திருக்கிறோம்.

பாடசாலையில் சைவநெறி படித்தவர்களுக்கு மூன்று வினையும் மனப்பாடம். சஞ்சிதம், பல பிறவியில் சேர்த்து வைத்தது. பிராரத்தம், அதிலிருந்து இந்தப் பிறப்பில் அனுபவிக்கக் கொண்டுவந்தது. ஆகாமியம், இப்போது செய்து புதிதாகச் சேர்ப்பது. பரீட்சையில் எழுதியதோடு சரி. ஆனால் சைவ சித்தாந்தம் அதோடு நிற்கவில்லை. வினை சடப்பொருள், செய்தவனைத் தானே தேடிவரும் அறிவு அதற்குக் கிடையாது, உயிர் பக்குவப்படுவதற்காக இறைவனே அதைக் கூட்டுவிக்கிறான் என்கிறது. இந்த உடம்பையும் உலகத்தையும், விடியும் மட்டும் கொடுத்துவைத்த விளக்கு என்று சித்தாந்த நூல்கள் எழுதிய உமாபதி சிவம் சொல்கிறார். அறிவை மறைக்கும் ஆணவம் என்ற இருட்டில் கிடக்கும் உயிர் கொஞ்சமாவது கண் தெரிந்து நடக்கட்டும் என்று தந்தது. இதில் பழிவாங்கல் எங்கே இருக்கிறது?

அப்படியென்றால் துன்பமும் ஒரு பாடம்தானே என்று கேட்பீர்கள். என் துன்பத்தைப் பற்றி நான் அப்படி நினைக்கலாம். என் முன்கோபம் ஒரே மாதிரியான இடத்தில் என்னைத் திரும்பத் திரும்ப விழுத்தும்போது, இதை நான் இன்னும் படித்து முடிக்கவில்லை என்று விளங்குகிறது. அந்த நினைப்பு எனக்குத் தெம்பைத்தான் தருகிறது, இன்னும் அவகாசம் இருக்கிறது என்ற தெம்பு. அதே வசனத்தைப் பக்கத்து வீட்டுக்காரியின் துன்பத்தைப் பார்த்துச் சொன்னால் அது தீர்ப்பு. அவளின் பிராரத்தத்தைக் கண்டு சொல்லும் ஞானம் எனக்கு இல்லை. அந்த நேரத்தில் அவளுக்கு நான் என்ன செய்கிறேன் என்பதோ முழுக்க முழுக்க என் ஆகாமியம். அவள் கணக்கை நான் எட்டிப் பார்த்துக்கொண்டு நிற்கும்போது எழுதப்படுவது என்னுடைய கணக்கு.

2004 டிசம்பர் 26ஐ எங்கள் திருகோணமலை மாவட்டத்தில் யாரும் மறக்க மாட்டார்கள். சுமாத்திராவுக்கு அப்பால் கடலடியில் 9.1 அளவில் நிலம் நடுங்கியது. ஏறக்குறைய இரண்டு மணி நேரத்தில் அலை எங்கள் கரைக்கு வந்துவிட்டது. கிண்ணியாவில் ஆஸ்பத்திரிக்குள்ளேயே கடல் புகுந்தது. இலங்கை முழுவதும் 30,000 பேருக்கு மேல் போனார்கள். மலையுச்சியில் இருந்த கோணேசர் கோயில் தப்பியது. "புண்ணியம் செய்தவை தப்பினவை" என்று சிலர் கதைத்ததை என் காதாலேயே கேட்டேன். கோயில் உயரத்தில் இருந்தது, மீன்பிடிக் குடும்பங்கள் கரையில் இருந்தன, அவ்வளவுதான் வித்தியாசம். அலையோடு போன கைக்குழந்தை என்ன பாடம் படித்தது என்று யாரும் என்னிடம் விளக்க வரவேண்டாம். கடல் திடீரென்று உள்வாங்கினால் எந்தப் பக்கம் ஓடவேண்டும் என்று கரையோரப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்பது உயிரோடு இருக்கும் நாங்கள் படிக்க வேண்டிய பாடம்.

இன்னொன்றையும் யோசித்துப் பாருங்கள். 1622இல் போர்த்துக்கேயர் இதே கோணேசர் கோயிலை இடித்தார்கள், அதன் கற்களைக் கோட்டை கட்ட எடுத்தார்கள். அதை அநியாயம் என்றுதான் தலைமுறை தலைமுறையாகச் சொல்லி வருகிறோம். கோயில் போன பிறப்பில் என்ன செய்ததோ என்று ஒருவரும் கேட்பதில்லை. கல்லுக்கு நடந்தால் அநியாயம், கைம்பெண்ணுக்கு நடந்தால் முன்வினையா?

வினை அவரவர்க்கே, நாம் என்ன செய்ய முடியும் என்று கைகழுவுகிறவர்களை நான் கன்னியாவுக்குக் கூட்டிப்போக விரும்புகிறேன். அங்கே ஏழு வெந்நீர்க் கிணறுகள். இராவணன் தன் தாயின் கிரியைக்காகத் தோற்றுவித்தவை என்பது ஐதிகம். எங்கள் சனம் தாய் தகப்பனுக்கு 31ஆம் நாள் கிரியை செய்ய அங்கே போவது அதனால்தான். ஒருவர் வினையில் இன்னொருவர் கை வைக்கவே முடியாது என்றால், ஏன் தர்ப்பையும் எள்ளும் எடுத்துக்கொண்டு போகிறோம்? இறந்தவருக்கே நாம் செய்வது போய்ச் சேரும் என்று நம்புகிற சனம், உயிரோடு கண்முன்னால் தவிப்பவருக்கு மட்டும் "அது அவர் விதி" என்று சொல்லலாமா?

பௌத்த அயலவர்களும் மறுபிறப்பை நம்புகிறவர்கள்தான். நிலையான ஆன்மா உண்டா என்பதில் அவர்களுக்கும் எங்களுக்கும் பெரிய வேறுபாடு இருக்கிறது. ஆனால் சம்யுத்த நிகாயம் என்ற பௌத்த நூலில் மோலிய சீவகர் என்ற துறவி புத்தரிடம் இதே கேள்வியைக் கேட்கிறார்: மனிதன் அனுபவிப்பதெல்லாம் முன்வினைதானா? புத்தர் ஒத்துக்கொள்ளவில்லை. பித்தத்தால் வரும், வாதத்தால் வரும், பருவம் மாறுவதால் வரும் என்று அடுக்கிவிட்டு, எல்லாமே முன்வினை என்பவர்கள் தாங்களே கண்டறிந்ததையும் உலகம் அறிந்ததையும் மீறிப் பேசுகிறார்கள் என்கிறார். வினைக்கொள்கையைப் போதித்தவரே போட்ட எல்லை இது. நாம்தான் அதைத் தாண்டி ஓடுகிறோம்.

முற்பிறப்பு ஞாபகம் உள்ள பிள்ளைகளைத் தேடி வெர்ஜீனியா பல்கலைக்கழகத்து இயன் ஸ்டீவன்சன் இலங்கைக்கும் வந்து ஆராய்ந்தார். அந்த விவாதம் ஒருபக்கம் நடக்கட்டும். எனக்குப் பிடித்தது அப்பர் சுவாமிகள் கேட்ட வரம். புழுவாய்ப் பிறந்தாலும் உன்னடி என் மனத்தை விட்டு வழுவாதிருக்க வேண்டும் என்றார். நல்ல பிறப்பு கேட்கவில்லை, போன பிறப்பு நினைவும் கேட்கவில்லை. எந்த உடம்பில் இருந்தாலும் படித்தது போய்விடக்கூடாது என்று கேட்டார்.

அறநெறிப் பாடசாலைகளில் படிப்பிக்கும் ஆசிரியர்களிடம் ஒரு வேண்டுகோள். மூன்று வினையைச் சொல்லிக்கொடுக்கும்போது கடைசியில் வரும் ஆகாமியத்தை முதலில் எடுங்கள். வரைவிலக்கணம் பிறகு எழுதலாம். "உன் வகுப்பில் தகப்பன் இல்லாத பிள்ளை ஒன்று இருக்கிறது, நீ என்ன செய்வாய்?" என்று கேட்டுப் பாருங்கள். பிள்ளைகள் என்ன சொன்னார்கள் என்று கீழே எழுதுங்கள், எனக்கு வாசிக்க ஆசை.