ஹெண்டர்சன் கப்பல் 1918-இல் மூழ்கவில்லை. அதன் பிற்கால அஞ்சல் முத்திரைகள் அனைத்தும் போலி என்பது தவறு

அமெரிக்கக் கடற்படையின் படைவீரர் போக்குவரத்துக் கப்பலான ஹெண்டர்சன் 1918-ஆம் ஆண்டு தீவிபத்தில் அழிந்துவிட்டதென்றும், ஆகவே அதற்குப் பிந்தைய நாளுடன் அக்கப்பலின் அஞ்சலகப் பெயரில் உள்ள அஞ்சல் முத்திரைகள் அனைத்தும் போலியென்றும் அஞ்சல் உறை சேகரிப்பாளர்களிடையே பரவும் தகவல் தவறானது.

1917 மே மாதம் பணியில் சேர்ந்த இக்கப்பல் 1918 ஜூலையில் அட்லாண்டிக் கடலில் தீப்பிடித்தது உண்மை. ஆனால் அதிலிருந்த வீரர்கள் வேறொரு கப்பலுக்கு மாற்றப்பட்டனர். கப்பலும் பிலடெல்பியாவுக்குத் திரும்பி, பழுது நீங்கி மீண்டும் பணிக்கு வந்தது. 1923-இல் குடியரசுத் தலைவர் ஹார்டிங் அலாஸ்காவுக்குச் சென்றதும், 1927-இல் கடற்படைப் பிரிவினர் சீனாவுக்குச் சென்றதும் இக்கப்பலில்தான். மூழ்கிய கப்பலால் இவை எப்படி இயலும்?

முத்திரையைப் படிப்பதிலும் கவனம் தேவை. 1908-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அமெரிக்கப் போர்க்கப்பல்களில் அஞ்சலகங்கள் அமைந்தன. அவற்றின் முத்திரையில் வட்டத்துக்குள் கப்பலின் பெயரும் நாளும் இருக்கும். அருகில் அஞ்சல்தலையைச் செல்லாததாக்கும் கோடுகளுக்கிடையே, கப்பல் அப்போது நின்ற துறைமுகத்தின் பெயரைச் சேர்ப்பதும் அக்காலத்தில் வழக்கமாக இருந்தது. எனவே அவ்விடத்தில் ஷாங்காய் என்றிருந்தால், கடிதம் அந்நகரிலிருந்த கப்பலில் முத்திரையிடப்பட்டது என்றே பொருள். கரையிலிருந்த அஞ்சலகத்தை அது குறிப்பதில்லை.

ஐயப்பட வேண்டிய காலம் வேறு: 1943 இறுதியில் மருத்துவக் கப்பலாக மாற்றப்படத் தொடங்கிய ஹெண்டர்சன், 1944 மார்ச்சில் பவுண்டிஃபுல் என்ற புதுப்பெயருடன் பணிக்குத் திரும்பி, 1948-இல் உடைப்புக்கு விற்கப்பட்டது. அப்பெயர் மாற்றத்துக்குப் பிந்தைய நாளுடன் பழைய பெயர் தாங்கிய உறை கிடைத்தால், அதையே நுணுகி ஆராய வேண்டும்.