டிரில் பீரியடும் வேப்பமரத்தடியும்

போன வாரம் எங்கள் பள்ளிக்கூட செட்டின் வாட்ஸ்அப் குழுவில் ஒருவர் பழைய மைதானத்தைப் போட்டோ எடுத்துப் போட்டிருந்தார். 1977-ல் எஸ்.எஸ்.எல்.சி. முடித்த செட்டு நாங்கள். அப்போது 11-ஆம் வகுப்பில்தான் எஸ்.எஸ்.எல்.சி., பிளஸ் டூ வந்தது அதற்கு அடுத்த வருஷம். போட்டோவில் பெரிதாக ஒன்றுமில்லை. துருப்பிடித்த கோல் போஸ்ட் ஒன்று, முழங்கால் உயரத்துக்குப் புல், ஓரத்தில் ஒரு வேப்பமரம். அதைப் பார்த்ததும் ஆண்கள் அத்தனை பேரும் சின்னப் பையன்களாகிவிட்டார்கள். சடுகுடுவில் யார் யார் காலைப் பிடித்து இழுத்தது, முட்டி பேர்ந்து ரத்தம் வடிய வடிய விளையாடியது, டிரில் சார் விசில் அடித்தால் பஸ் ஸ்டாப் வரைக்கும் கேட்டது, பந்து கிணற்றில் விழுந்து ஆள் இறங்கி எடுத்தது என்று ரெண்டு நாள் குழு ஓயவே இல்லை. படிக்கப் படிக்க எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது. ஆனால் அந்தக் குழுவில் பெண்கள் நாங்கள் 11 பேர் இருக்கிறோம், ரெண்டு நாளும் ஒருத்தி கூட வாய் திறக்கவில்லை. மூன்றாம் நாள் ராத்திரி ஒரே ஒருத்தி மட்டும் எழுதினாள்: "எங்களுக்கு அந்த வேப்பமரம்தான் ஞாபகம் இருக்கு."

அதற்கு யாரும் பதில் போடவில்லை. எனக்கு அன்றைக்குத் தூக்கம் வரவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

சேரன்மகாதேவிக்கும் வீரவநல்லூருக்கும் நடுவில் எங்கள் ஊர், கன்னடியன் கால்வாய்த் தண்ணீரில் நெல் விளைகிற ஊர். அறுப்பு முடிந்து வைக்கோலைப் படப்பாக வைத்துவிட்டார்கள் என்றால் அப்புறம் களம் எங்களுக்குத்தான். செல்லாங்குச்சி, பாண்டி, பச்சைக்குதிரை, கள்ளன் போலீஸ். ஆண்பிள்ளை பெண்பிள்ளை என்ற வித்தியாசமெல்லாம் கிடையாது. பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு படப்பின் மேலே ஏறி அங்கிருந்து குதிப்போம், உடம்பெல்லாம் சுணை அரிக்கும், நேரே போய்க் கால்வாயில் விழுவோம். எனக்குக் குதிப்பதுதான் பிடிக்கும். வாய்க்கால் வரப்பைக் கண்டால் தாண்டாமல் போக மாட்டேன்.

ஆறாம் வகுப்புக்குப் பெரிய பள்ளிக்கூடம் போனதும் டிரில் சார் அதைக் கண்டுபிடித்துவிட்டார். ஏழாம் வகுப்பில் விளையாட்டு விழாவுக்கு நீளம் தாண்டுதலில் என் பெயரை அவரே எழுதினார். அந்த மணல்குழி இன்னும் கண்ணுக்குள் இருக்கிறது. தாமிரபரணியிலிருந்து மாட்டுவண்டியில் மணல் வரும். விழாவுக்கு முதல் நாள் மண்வெட்டியால் கொத்திவிட்டு, கல் பொறுக்கி, தண்ணீர் தெளித்து வைப்பார்கள். காலையில் அந்த ஈர மணலுக்கு ஒரு வாசனை இருக்கும், ஆற்றங்கரையே பள்ளிக்கூடத்துக்கு வந்த மாதிரி. ஓடி வரும்போது பலகை கண்ணுக்குத் தெரியாது, காலுக்குத்தான் தெரியும். விழுந்து எழுந்தபோது வாயெல்லாம் மணல். சார் டேப்பைப் பிடித்துக் குனிந்து பார்த்துவிட்டு "12 அடி" என்று சத்தமாகச் சொன்னார். முதல் பரிசு ஓர் எவர்சில்வர் டம்ளர். அடியில் 'நீ.தா. 1973' என்று புள்ளி புள்ளியாக வெட்டியிருக்கும். இன்றைக்குக் காலையிலும் அதில்தான் காபி குடித்தேன்.

எட்டாம் வகுப்பில் வயசுக்கு வந்தேன். சடங்கெல்லாம் முடிந்து தாவணியோடு திரும்பப் பள்ளிக்கூடம் போன முதல் டிரில் பீரியடில் எல்லோரோடும் வரிசையில் போய் நின்றேன். சார் என்னைப் பார்த்தார். கோபமெல்லாம் இல்லை, தினமும் சொல்கிற ஒன்றைச் சொல்கிற மாதிரி, "தாவணி போட்ட பிள்ளைகள் மரத்தடியில போய் உட்காருங்க" என்றார். ஏற்கெனவே அங்கே ஏழெட்டுப் பேர் உட்கார்ந்திருந்தார்கள். பையன்கள் செருப்பையும் புத்தகத்தையும் எங்கள் பக்கத்தில் குவித்துவிட்டு ஓடினார்கள், நாங்கள் காவல். அன்றையிலிருந்து 11-ஆம் வகுப்பு முடியும் வரை வாரத்துக்கு ரெண்டு பீரியட் அப்படியேதான். தட்டாங்கல் ஆடுவோம், வேப்பங்கொட்டை பொறுக்குவோம், ஒருத்திக்கொருத்தி சடை பின்னிவிடுவோம், வீட்டுக்கணக்கு எழுதுவோம்.

ஒரே ஒரு தரம், ஒன்பதாம் வகுப்பில், மணி அடித்து எல்லோரும் போன பிறகு அந்தக் குழியை நோக்கி ஓடினேன். தாவணி காலில் மாட்டிக் குப்புற விழுந்தேன், தாவணி கிழிந்துவிட்டது. வீட்டில் அம்மா அடித்தாள். ஆச்சி அடிக்கவில்லை, அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. "ஏட்டி, சமைஞ்ச பிள்ளை இப்படியா குதிக்கிறது?" என்று மெதுவாகக் கேட்டுக்கொண்டே கிழிசலைத் தைத்துக் கொடுத்தாள். அதற்கப்புறம் நான் எதையும் தாண்டியதில்லை.

இதில் இன்னொன்றும் இருக்கிறது, அதை வெளியூர்க்காரர்களுக்குச் சொல்லியாக வேண்டும். எங்கள் பக்கம், வீரவநல்லூர், முக்கூடல், ஆலங்குளம் வட்டாரமெல்லாம் பீடி சுற்றுகிற ஊர்கள். பெண்பிள்ளை என்றால் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் மடியில் சுளகு ஏறிவிடும். ராத்திரி நனைத்த சாக்கில் சுருட்டி வைத்த இலையை எடுத்துக் கத்தரித்து, தூளை வைத்து உருட்டி, நூல் சுற்றி, நுனியை மடக்கி. கூலி 1000 பீடிக்கு இவ்வளவு என்று கணக்கு. அம்மாவும் அக்காவும் சுற்றுவதோடு நான் ஒரு 300 சேர்த்துக் கொடுக்க வேண்டும். குனிந்த தலை நிமிர முடியாது. வகுப்பில் உட்கார்ந்து, வீட்டுக்கு வந்து பீடிக்கு உட்கார்ந்து, நடுவில் காலை நீட்டி ஓடுவதற்கென்று ஒரு நாற்பது நிமிஷம் இருந்ததென்றால் அது அந்த டிரில் பீரியட்தான். அதிலும் உட்கார்.

போன வருஷம் குளியலறையில் வழுக்கி விழுந்தேன், மணிக்கட்டு முறிந்தது. எலும்பின் அடர்த்தி பார்த்த டாக்டரம்மா, எலும்பு வலுவில் 90 சதவீதத்துக்குக் கிட்ட 18 வயதுக்குள்ளேயே சேர்ந்துவிடும் என்றும், அந்த வயதில் ஓடுவதும் குதிப்பதும்தான் எலும்புக்கு உரம் என்றும் சொன்னார். மரத்தடியில் உட்கார்ந்ததால்தான் கை முறிந்தது என்று நான் சொல்ல வரவில்லை. சாப்பாடு, பிரசவம், மாதவிலக்கு நின்ற பிறகு எலும்பு தேய்வது என்று ஆயிரம் இருக்கிறது. ஆனால் டாக்டரம்மா "குதிப்பது" என்ற வார்த்தையைச் சொன்னதும் எனக்கு அந்த ஈர மணல் வாசனை வந்தது. அவர் முன்னாலேயே அழுதுவிட்டேன். கை வலிக்குது போல என்று அவர் நினைத்துக்கொண்டார்.

குழுவில் நான் இதில் பாதியைத்தான் எழுதினேன். உடனே ஒரு வகுப்புத் தோழர் போன் பண்ணிவிட்டார். "அந்தக் காலம் அப்படிம்மா, அதுக்காக சார் மேல தப்பு சொல்லக் கூடாது" என்றார். சார் மேல் எனக்குக் கோபம் இல்லை. எண்ணூறு பிள்ளைகளுக்கு அவர் ஒரே ஆள். ரெண்டு கால்பந்து, ஒரு கிழிந்த வலை, அவ்வளவுதான் பள்ளிக்கூடத்துச் சொத்து. பந்தின் பிளாடர் ஓட்டையானால் சைக்கிள் கடைக்குக் கொண்டுபோய்த் தன் கைக்காசில் பஞ்சர் ஒட்டிக்கொண்டு வருவார். அவரை எல்லோரும் கேட்டதெல்லாம் ஒன்றுதான், போட்டிக்குப் போனோமே, கப் எங்கே? அதனால் ஓடத் தெரிந்தவனை மேலும் ஓட வைத்தார். மற்றவர்கள் எல்லோரும் மரத்தடி. நாங்கள் மட்டுமா அங்கே இருந்தோம்? இளம்பிள்ளைவாதம் வந்து ஒரு கால் சூம்பிய பையன் ஒருவன் இருந்தான், இழுப்பு வருகிற பையன், உடம்பு கனத்த பையன். இவர்களும் அந்தப் போட்டோவுக்கு ஒன்றும் எழுதவில்லை, கவனித்தீர்களா?

இதுதான் எனக்கு நெஞ்சில் தைக்கிறது. கூட்டல் வராத பிள்ளையைப் பார்த்துக் கணக்கு சார் "உனக்குத்தான் வரலையே, நீ போய் மரத்தடியில் உட்கார்" என்று சொன்னால் சும்மா இருப்போமா? அந்தப் பிள்ளைக்குத்தானே அதிகம் சொல்லிக்கொடுக்க வேண்டும்? விளையாட்டு பீரியடில் மட்டும் இதை வழக்கமாகவே வைத்திருந்தார்கள், இன்றைக்கும் பல பள்ளிக்கூடங்களில் அப்படித்தான்.

அப்புறம் அந்த "காலம்" என்கிற பேச்சு. அதே வருஷங்களில், எங்கள் ஊரிலிருந்து ஒரு இருபது கிலோமீட்டர் தள்ளி, பாளையங்கோட்டையில் ஹாஸ்டலில் தங்கிப் படித்த என் சித்தி மகள் பூப்பந்து ஆடினாள். மஞ்சள் கம்பளிப் பந்து, பக்கத்துக்கு ஐந்து பேர். அவளும் தாவணிதான். தாவணியை இழுத்து இடுப்பில் செருகிப் பின் குத்திக்கொண்டு ஆடுவார்கள், அங்கே பெண் பி.டி. டீச்சர் இருந்தார், அவரும் கூட நின்று ஆடுவார். லீவுக்கு வரும்போது அவள் உள்ளங்கையைத் தொட்டுப் பார்ப்பேன், பேட் பிடித்துக் காய்ப்பு ஏறியிருக்கும். எனக்கும் கையில் காய்ப்பு உண்டு, கத்தரிக்கோல் பிடித்தது. ஆகக் காலம் ஒன்றுதான், பிள்ளைகளைப் பார்க்கிற கண்தான் வேறு.

காலத்தையே எடுத்துக்கொண்டாலும் அது தானாக ஒன்றும் நகரவில்லை. நம் பக்கத்து சடுகுடுவையே பாருங்கள். ஆசிய விளையாட்டில் ஆண்கள் கபடி 1990-ல் பெய்ஜிங்கில் வந்தது. 1994-ல் ஹிரோஷிமாவில் தங்கம் வாங்கிய அணியில் நம் மணத்தி கணேசன் ஆடினார், மறு வருஷம் அர்ஜுனா விருது வந்தது, அன்றைக்கு எங்கள் தெருவே கொண்டாடியது, நானும்தான். பெண்கள் கபடியை அங்கே சேர்த்தது 2010-ல், குவாங்சோவில். இருபது வருஷம் கழித்து. போன முதல் தடவையே நம் பெண்கள் தங்கத்தோடு திரும்பினார்கள். 2003-ல் பாரிஸில் அஞ்சு பாபி ஜார்ஜ் 6.70 மீட்டர் தாண்டி உலகப் போட்டியில் வெண்கலம் வாங்கியபோது, பேப்பரில் வந்த அந்தப் படத்தை நான் வெட்டி வைத்தேன். மணலில் கால் படுவதற்கு முன்னால், காற்றில் இருக்கிற படம். வீட்டில் யாருக்கும் ஏன் என்று புரியவில்லை, நானும் சொல்லவில்லை.

சரி, பழசு போகட்டும். என் பேத்தி பாளையங்கோட்டையில் ஒரு தனியார் பள்ளியில் பத்தாவது படிக்கிறாள். டைம்டேபிளில் வாரம் ரெண்டு பி.டி. பீரியட் அச்சடித்திருக்கிறது. ஜூன் மாதத்திலிருந்து ஒரு தடவைதான் கிரவுண்டில் விட்டார்களாம். மற்ற நாளெல்லாம் கணக்கு, சயின்ஸ், இல்லையென்றால் டெஸ்ட். கேட்டதற்கு "போர்டு எக்ஸாம் வருஷம் பாருங்க" என்கிறார்கள். 2009-ல் வந்த கல்வி உரிமைச் சட்டத்தில் பள்ளிக்கூடம் என்றால் என்னென்ன இருக்க வேண்டும் என்ற பட்டியலிலேயே விளையாட்டு மைதானமும் இருக்கிறது. 17 வயது வரைக்கும் தினமும் 60 நிமிஷமாவது ஓடியாட வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. இவளுக்கு வாரத்துக்கே 60 நிமிஷம் இல்லை. எங்களை மரத்தடியில் உட்கார வைத்தார்கள், இவளைப் பெஞ்சில் உட்கார வைத்திருக்கிறார்கள். என்னைப் போலவே நீளமான கால் அவளுக்கு. மாடிப்படியை மூன்று மூன்றாகத் தாண்டி இறங்குகிறாள், நான் "பார்த்து" என்று சொல்ல வாயெடுத்து நிறுத்திக்கொள்கிறேன்.

ஆண்பிள்ளைகளிடம் ஒன்று கேட்கிறேன், நீங்கள் அத்தனை பேரும் நல்லவர்கள், அந்த மைதானத்தை உயிராக நேசிக்கிறவர்கள். "எங்க காலத்துல என்னமா விளையாடினோம், இந்தக் காலத்துப் பிள்ளைங்க போனை நோண்டிக்கிட்டு இருக்கு" என்று எழுதுவதோடு நிறுத்தாதீர்கள். உங்கள் பேத்தியின் பி.டி. பீரியட் எங்கே போனது என்று பெற்றோர் கூட்டத்தில் எழுந்து கேளுங்கள். சாயங்காலமானால் பூட்டிக் கிடக்கிற பள்ளிக்கூட மைதானத்தைத் தெருப்பிள்ளைகளுக்கு இரண்டு மணி நேரம் திறந்துவிடச் சொல்லுங்கள். உங்களில் ரெண்டு பேர் பள்ளி நிர்வாகக் குழுவிலேயே இருக்கிறீர்கள், உங்கள் வார்த்தைக்கு மதிப்பு உண்டு.

எங்கள் செட்டுப் பெண்களுக்குத் தனியாக ஒன்று. நேற்று பாளையங்கோட்டை மார்க்கெட் பக்கம் போனபோது ஒரு ரப்பர் ரிங் வாங்கினேன், ஸ்கூலில் சின்னப் பிள்ளைகள் எறிந்து பிடிப்பார்களே, அதுதான். சிவப்பு நிறம். மாடியில் பேத்தியோடு எறிந்து பார்த்தேன், ஒரு கையால் பிடிக்க வருகிறது, முறிந்த கையாலும் வருகிறது. ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணிக்கு வ.உ.சி. மைதானத்துக்கு அதைக் கொண்டு வருகிறேன். முட்டிவலிக்காரர்கள் நின்ற இடத்திலேயே நின்று பிடிக்கலாம், புடவையில் வந்தால் இடுப்பில் செருகிக்கொள்ளலாம். முக்கூடலில் இருப்பவள் முதல் பஸ்ஸைப் பிடித்தே வந்துவிடுகிறேன் என்று சொல்லிவிட்டாள். இதுவரை நான்கு பேர்.