கதவை மாற்றச் சொன்னால் உடனே தலையாட்டாதீர்கள்

கார் கதவு கொஞ்சம் நசுங்கினாலே கதவையே கழற்றிப் போட்டுவிட்டுப் புதுசு மாட்டும் பழக்கம் நம் ஊரில் பெருகிவிட்டது. எனக்கு இது கொஞ்சமும் உடன்பாடில்லை. இப்படித் தூக்கிப் போடும் கதவுகளில் பாதிக்கு மேல் நல்ல டிங்கர் ஒருவர் தட்டி நிமிர்த்திவிடக் கூடியவை என்றே நினைக்கிறேன்.

சித்தி மகனின் காரை வைத்தே சொல்கிறேன். ஆறு வருடக் கார், சில்வர் மெட்டாலிக் கலர். திருச்சி காந்தி மார்க்கெட் பக்கம் ஓரமாக நிறுத்தியிருந்தபோது, ரிவர்ஸ் எடுத்த லோடு ஆட்டோவின் மூலை இடது பின்கதவில் அழுந்திவிட்டது. கைப்பிடிக்குக் கீழே இரண்டு கை அகலத்துக்கு உள்வாங்கி, நடுவில் ஒரு மடிப்பு. அந்த இடத்தில் பெயிண்ட் உரிந்து தகரம் தெரிந்தது. சர்வீஸ் சென்டரில் பார்த்துவிட்டு, "டோரை மாத்திடலாம் சார், இன்சூரன்ஸ்ல போயிடும், உங்களுக்குப் பெருசா செலவு இல்ல" என்றார்கள். கையெழுத்துப் போடுமுன் தம்பி எனக்கு போன் செய்தான்.

இந்த "செலவு இல்ல" என்ற பேச்சுதான் என்னைக் கோபப்படுத்துகிறது. ஐந்து வருடம் தாண்டி பத்து வருடத்துக்குள் இருக்கும் காரில் உலோகப் பாகத்துக்கு இன்சூரன்ஸ் கம்பெனி கழிக்கும் தேய்மானம் 40 சதவீதம். தேய்மானம் கழிக்காத பம்பர் டு பம்பர் பாலிசி இல்லையென்றால் புதுக் கதவின் விலையில் அவ்வளவும் நம் தலையில்தான் விழும். ரப்பர், பிளாஸ்டிக் என்றால் 50 சதவீதம். அதற்கு மேல் 1500 சிசிக்குள் உள்ள காருக்குக் கட்டாயப் பிடித்தம் 1,000 ரூபாய்.

இவை எல்லாவற்றையும்விடப் பெரியது என்சிபி, அதாவது கிளைம் செய்யாமல் இருப்பதற்குக் கிடைக்கும் நோ கிளைம் போனஸ். ஐந்து வருடம் கிளைம் செய்யாமல் இருந்தால் சொந்த வாகனச் சேதத்துக்கான பிரீமியத்தில் 50 சதவீதம் தள்ளுபடி கிடைக்கும். ஒரே ஒரு கிளைம் போட்டால் அடுத்த வருடம் அது பூஜ்யம். மறுபடி 20, 25, 35, 45, 50 என்று முதலிலிருந்து ஏற வேண்டும். தள்ளுபடிக்கு முன் அந்தப் பிரீமியம் 8,000 ரூபாய், அது மாறாமல் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். வருடாவருடம் இழப்பது 4,000, 2,400, 2,000, 1,200, 400. கூட்டினால் 10,000 ரூபாய். தம்பியின் கதவைச் சரிசெய்ய வெளி ஷெட்டில் கேட்ட கூலியே 7,000தான். என்சிபி பாதுகாப்பு என்று தனியாகக் காசு கட்டியிருந்தால் கதை வேறு. அவன் கட்டவில்லை.

சரி, காசை விடுங்கள். புதுக் கதவு என்றால் கம்பெனி பெயிண்டோடு பளபளவென்று வரும் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. பொதுவாக பிரைமர் மட்டும் அடித்த வெறும் கதவுதான் வரும். அதற்கும் இங்கேதான் கலர் கலந்து, ஸ்பிரே கன்னில் அடிக்கிறார்கள். மெட்டாலிக் கலரில் மினுக்கும் துகள் எந்தப் பக்கம் படிகிறது என்பதைப் பொறுத்து நிழல் மாறும் என்பதால், கலர் நம்பர் சரியாக இருந்தாலும் பக்கத்துக் கதவோடு ஒட்டாமல் போகலாம். ஆக, எந்தச் சிக்கலுக்குப் பயந்து புதுசு வாங்குகிறோமோ அதே சிக்கல் அதிலும் இருக்கிறது. போதாததற்கு கண்ணாடி, ஜன்னல் மோட்டார், லாக், வயரிங், பீடிங் எல்லாவற்றையும் பழைய கதவிலிருந்து பிரித்துப் புதியதில் கோக்க வேண்டும்.

கடைசியில் அரியமங்கலம் பக்கம் ஒரு ஷெட்டுக்குப் போனோம். டிங்கர் அண்ணன் முதலில் சுத்தியலைத் தொடவே இல்லை. ஒரு துணியைக் கதவின் மேல் வைத்து உள்ளங்கையால் மெதுவாகத் தடவினார். வெறும் கையைவிடத் துணி வழியாகத் தடவினால் மேடு பள்ளம் நன்றாகத் தெரியுமாம். அப்புறம் கதவின் உள்பக்க மூடியான பேடைக் கழற்றி, உள்ளே டாலி என்ற இரும்புக் கட்டியை முட்டுக் கொடுத்து, பள்ளத்தின் ஓரத்திலிருந்து நடுவை நோக்கிச் சின்னச் சின்னத் தட்டாகத் தட்டி வந்தார். நடுவில் ஓங்கி ஒரே அடி அடித்தால் தகரம் நீண்டுவிடும், பிறகு அது 'டப் டப்' என்று உள்ளே போய் வெளியே வரும். கை எட்டாத இடத்தில் தகரத்தின் மேல் வாஷரை வெல்டு வைத்து, புல்லரைக் கொக்கி போட்டு இழுத்தார். கொஞ்சம் வேலை முடிந்ததும் எதிரே டியூப் லைட்டைப் போட்டு, கதவில் விழும் அந்த ஒளிக்கோடு எங்கே நெளிகிறது என்று பார்த்தார். நெளிந்த இடத்தில் மறுபடி தட்டு. மதியம் வரை இதே வேலை. இந்தக் கையும் கண்ணும் எந்தப் படிப்பிலும் வராது, பத்து வருடம் ஷெட்டில் நின்றால்தான் வரும்.

பட்டி, அதாவது மேடு பள்ளத்தை நிரப்பும் பசை, பூசியது அதற்குப் பிறகுதான், அதுவும் மெல்லிசாக. நம் ஆட்களில் சிலர் தகரத்தைச் சரியாக எடுக்காமல் பட்டியை அப்பி மேடாக்கிவிடுகிறார்கள். தடிமனான பட்டி ஒருநாள் விரிசல் விடும், உள்ளே தண்ணீர் இறங்கித் துருப்பிடிக்கும். டிங்கரிங் வேலைக்குக் கெட்ட பெயர் வந்ததே இவர்களால்தான். அதனால் பட்டி பூசுவதற்கு முன்பு கதவை நேரில் போய்ப் பாருங்கள். நல்ல டிங்கர் இதற்குக் கோபித்துக்கொள்ள மாட்டார், தானே கூப்பிட்டுக் காட்டுவார்.

இன்னும் இரண்டு இடங்களைப் பார்க்க வேண்டும். உள்பேடைக் கழற்றினால் பின்னால் ஒரு பாலித்தீன் ஷீட் ஒட்டியிருக்கும். மழைத் தண்ணீர் கண்ணாடி ஓரமாகக் கதவுக்குள் இறங்குவது இயல்பு, அது காருக்குள் வராமல் தடுப்பது இந்த ஷீட்தான். கிழிந்ததை அப்படியே விட்டால் அடுத்த மழையில் தரைவிரிப்பு நனையும். அதே போல, கதவின் அடி ஓரத்தில் தண்ணீர் வடியச் சின்ன ஓட்டைகள் உண்டு. பட்டியோ பெயிண்டோ அவற்றை அடைத்துவிட்டால் கதவு அடியிலிருந்து அரிக்க ஆரம்பிக்கும்.

பெயிண்ட் உரியாமல் வெறும் பள்ளம் மட்டும் என்றால் இவ்வளவும் தேவையில்லை. உள்ளிருந்து கம்பி கொடுத்து நெம்பி எடுக்கும் ஆட்கள் இருக்கிறார்கள், பழைய பெயிண்ட் அப்படியே நிற்கும்.

மாற்றியே தீர வேண்டிய கதவுகளும் உண்டு. கதவுக்குள் குறுக்கே ஓர் இரும்பு பீம் இருக்கிறது, பக்கவாட்டில் வண்டி மோதினால் உள்ளே இருப்பவரைக் காக்க. இந்தியாவில் 2017 அக்டோபர் முதல் புது மாடல்களுக்குப் பக்கவாட்டு மோதல் சோதனை கட்டாயம். அந்த பீம் வளைந்திருந்தால், கீல் பிடிக்கும் இடம் கிழிந்திருந்தால், தகரம் ஓட்டையாகி ஓரம் பிரிந்திருந்தால், காசையும் என்சிபியையும் பார்க்காமல் மாற்றிவிடுங்கள். பீம் வளைந்த கதவுக்குப் பட்டி பூசிக் கொடுக்கிற டிங்கரை நான் டிங்கர் என்றே சொல்ல மாட்டேன். தம்பியின் கதவில் பீமுக்கு ஒன்றும் ஆகவில்லை. அதை சர்வீஸ் சென்டரில் பேடைக் கழற்றிப் பார்த்தே சொல்லியிருக்கலாம். பார்க்காமலே எஸ்டிமேட் போட்டதுதான் எனக்கு ஆறவில்லை.