பழி ஓரிடம், புள்ளிக் கழிப்பு ஓரிடம்

பாலக்காடு மாவட்டத்தில், தமிழ்நாட்டு எல்லையோரமுள்ள கொழிஞ்சாம்பாறைக்குப் பக்கத்தில், அறுவடை முடிந்த வயலைச் சமன்செய்து, கமுகுத் தடிகளால் கேலரி கட்டி நடத்தப்படும் செவன்ஸ் (அணிக்கு ஏழு பேர் ஆடும் கால்பந்து) ஆட்டங்களைப் பார்த்தே வளர்ந்தவன் நான். சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் ஊர் அணியின் செலவை ஏற்றுக்கொள்ள ஒரு முதலாளி முன்வந்தார். வெளிநாட்டு ஆட்டக்காரர்கள் மூவரை இறக்கினார், புது ஜெர்சி தைத்தார், அதில் தம் கடையின் பெயரைப் பெரிதாகப் போட்டுக்கொண்டார், சீசன் பாதி கடந்ததும் யாருக்கும் சம்பளம் தராமல் போனை அணைத்துவிட்டார். போட்டிக் கமிட்டி கூடி எங்கள் அணிக்கு இரண்டு ஆண்டு தடை விதித்தது. அடுத்த சீசனில் அதே மனிதர் பக்கத்து ஊரில் வேறொரு பெயரில் அணி இறக்கி, முன்வரிசை நாற்காலியில் அமர்ந்திருந்தார். தடையை அனுபவித்தவர்கள் ஆடக் களமில்லாமல் நின்ற எங்கள் ஊர்ப் பையன்களும், காசு கொடுத்து கேலரியில் ஏறி நிலக்கடலை கொறித்தபடி கத்திக்கொண்டிருந்த நாங்களும்தான்.

அன்று முதல், பெரிய நாட்டுக் கால்பந்து கிளப் ஒன்றின் லீக் புள்ளிகள் தண்டனையாகக் கழிக்கப்பட்டதாகச் செய்தி வந்தால் நான் முதலில் தேடுவது அந்த முதலாளிக்கு என்ன ஆயிற்று என்பதைத்தான். இங்கிலாந்தின் இரண்டாம் அடுக்கில் ஆடிக்கொண்டிருந்த விகன் அத்லெட்டிக் கிளப் 2020ஆம் ஆண்டு புதிய உரிமையாளர் கைக்கு மாறிய சில வாரங்களிலேயே, ஜூலை 1 அன்று, திவால் நிர்வாகத்தில் தள்ளப்பட்டது. விதிப்படி 12 புள்ளிகள் கழிக்கப்பட்டன. அந்த ஆட்டக்காரர்கள் ஜூலை மாதத்தில் ஹல் சிட்டியை 8-0 என்று வீழ்த்தியவர்கள். களத்தில் அவர்கள் ஈட்டிய 59 புள்ளிகளுக்குப் பட்டியலின் நடுவில் நிம்மதியாக அமர்ந்திருக்கலாம். 47 புள்ளிகளோடு மூன்றாம் அடுக்குக்கு இறங்கினார்கள். முடிவெடுத்தவர் மேலே இருந்தார், இறங்கியது ஊர்.

இங்கிலாந்தின் பரி கிளப்பின் கதை இன்னும் கொடியது. 1885இல் தொடங்கி, 1894 முதல் லீக்கில் இருந்த அந்தக் கிளப்பை 2018 டிசம்பரில் ஒருவர் ஒரே ஒரு பவுண்டுக்கு வாங்கினார். பணம் இருப்பதற்கான சான்றைக் காட்ட முடியாததால், 2019 ஆகஸ்ட் 27 அன்று லீக் அந்தக் கிளப்பையே வெளியேற்றியது. ஒரு பவுண்டு போட்டவர் இழந்தது எவ்வளவு, தாத்தா காலத்திலிருந்து அந்த மைதானத்துக்குப் போனவர் இழந்தது எவ்வளவு என்று கணக்குப் பார்த்தால் நீதி எந்தப் பக்கம் சாய்ந்தது என்பது தெரிந்துவிடும்.

இதற்கு நியாயமான மறுப்பு ஒன்று உண்டு. அதை ஒதுக்கிவிட்டுப் போவது சரியல்ல. அபராதம் விதித்தால் கோடீஸ்வரருக்கு அது கைச்செலவுக் காசு, ஆகவே புள்ளிகளில் கைவைத்தால்தான் அஞ்சுவார்கள் என்பது அந்த வாதம். இங்கிலாந்தின் முதல் அடுக்கில் ஆடும் எவர்ட்டன், மூன்றாண்டுகளில் 10.5 கோடி பவுண்டு வரைதான் நட்டம் காட்டலாம் என்ற வரம்பை மீறி 12.45 கோடி காட்டியதற்காக, 2023 நவம்பரில் 10 புள்ளிகளை இழந்தது. மேல்முறையீட்டில் அது 6 ஆகக் குறைந்தது. அந்தக் கணக்கில் அடங்கிய 2021-22 சீசனில் எவர்ட்டன் 39 புள்ளிகளோடு தப்பியது, அதே அடுக்கில் ஆடிய பர்ன்லி 35 புள்ளிகளோடு கீழே இறங்கியது. பர்ன்லி ரசிகரும் சாதாரண ரசிகர்தானே? வரம்பை மீறிச் செலவழித்து வாங்கிய ஆதாயத்தால் மற்றோர் ஊர் ஏமாந்திருந்தால், அந்த ஆதாயத்தைத் திருப்பி எடுப்பதில் தவறில்லை என்றே நானும் நினைக்கிறேன். ஆனால் சம்பளம் கொடுக்காமல் ஓடியவரால் அணிக்குக் களத்தில் எந்த ஆதாயமும் கிடைக்கவில்லை. விகன் போன்ற அணிகளில் புள்ளி கழிப்பது, வீட்டில் திருடு போனவனுக்கே கதவைப் பூட்டவில்லை என்று அபராதம் போடுவதற்குச் சமம். இவ்விரண்டு குற்றங்களையும் ஒரே தராசில் நிறுப்பதுதான் இன்றைய விதிகளின் பெரிய குறை.

முதலாளியைத் தனியாகப் பிரித்தெடுத்துப் பிடிக்க முடியுமா என்று கேட்பவர்களுக்கு, லண்டன் கிளப்பான செல்சியில் நடந்ததை நினைவூட்டுவேன். 2022 மார்ச் 10 அன்று பிரிட்டிஷ் அரசு, உக்ரைன் போரை ஒட்டி, அதன் ரஷ்ய முதலாளி ரோமன் அப்ரமோவிச்சின் சொத்துகளை முடக்கியபோது கிளப்புக்குத் தனி உரிமம் வழங்கியது. சம்பளம் தொடர்ந்தது, ஆட்டம் தொடர்ந்தது, சீசன் டிக்கெட் வைத்திருந்தவர்கள் உள்ளே போனார்கள். புதிதாக டிக்கெட் விற்கத் தடை இருந்ததால் வெளியூர் ஆட்டங்களுக்குப் போக முடியாமல் ரசிகர்கள் தவித்தது உண்மை. சுமார் இரண்டு வாரத்தில் உரிமம் திருத்தப்பட்டு, கிளப்புக்கு வருமானம் போகாத வகையில் அந்த டிக்கெட்டுகளை வாங்க வழி செய்யப்பட்டது. கிளப் 250 கோடி பவுண்டுக்கு விற்கப்பட்டபோது அந்தத் தொகையும் அவர் கைக்குப் போகாமல் முடக்கப்பட்ட கணக்குக்கே போனது. வாசல் ரசிகருக்குத் திறந்திருக்க, பணப்பெட்டி முதலாளிக்கு மூடியிருந்தது. போருக்காக ஒரு அரசு செய்ததை, சம்பளப் பாக்கிக்காக ஒரு லீக் செய்ய முடியாதா?

அதுவரை ரசிகரின் கையில் இருக்கும் ஒரே ஆயுதம் புறக்கணிப்பு, அதுவும் பிடியில்லாத கத்தி. இங்கிலாந்தின் பிளாக்பூல் கிளப் ரசிகர்கள் தம் முதலாளிக்கு ஒரு பைசாவும் தரமாட்டோம் என்று பல ஆண்டுகள் சொந்த மைதானத்தையே எட்டிப் பார்க்கவில்லை. கடைசியில் அவரை அசைத்தது, கிளப்பின் பங்குதாரர் ஒருவருக்கு 3.1 கோடி பவுண்டுக்கு மேல் கொடுக்கச் சொல்லி 2017இல் உயர்நீதிமன்றம் அவர்மீதே போட்ட உத்தரவு. 2019இல் கிளப் அவர் கையை விட்டுப் போனதும் மைதானம் மறுபடி நிரம்பியது. இங்கே எங்கள் கேரளா பிளாஸ்டர்ஸ் மூன்று முறை இறுதியாட்டம் வரை போயும் ஐஎஸ்எல் (இந்தியன் சூப்பர் லீக்) கோப்பையைத் தொடவில்லை. அதன் ரசிகர் அமைப்பான மஞ்ஞப்பட நிர்வாகத்தின்மீது கொண்ட சினத்தால், 2024 டிசம்பரில், இனி டிக்கெட் வாங்கி விற்பதில்லை என்று அறிவித்தது. அவர்களுடைய கோபத்தில் எனக்கும் பங்குண்டு. ஆனால் இங்கிருந்து பஸ்ஸில் பாலக்காடு, ரயிலில் எர்ணாகுளம், மெட்ரோவில் மைதானம் இருக்கும் கலூர் என்று போய், ஆட்டம் முடிந்து விடியற்காலையில் வீடு திரும்பும் எங்களைப் போன்றவர்களுக்கு, போகாமல் இருப்பதும் தண்டனைதான்; அதை நாமே நமக்கு விதித்துக்கொள்கிறோம்.

நம் எல்லைப் பகுதியில் சீட்டுப் பிடிக்காத குடும்பம் குறைவு. 1982ஆம் ஆண்டுச் சட்டப்படி, சீட்டு நடத்துபவர் தொடங்குவதற்கு முன்பே பதிவாளரிடம் ஈடு கட்டிவைக்க வேண்டும். அவர் ஓடிப்போனால் சீட்டுப் போட்டவர்களின் தவணையைக் கழிப்போம் என்று யாரும் சொல்வதில்லை, ஈட்டில் கைவைக்கிறார்கள். கால்பந்துக்கும் இதுவே பொருந்தும் என்பது என் கருத்து. ஒரு சீசனின் சம்பளம் முழுவதையும் முதலாளி தம் சொந்தப் பெயரில் லீக்கிடம் கட்டிவைக்கட்டும். தவறினால் அதிலிருந்து ஆட்டக்காரருக்கும் புல் வெட்டுபவருக்கும் சம்பளம் போகட்டும். அவருடைய வாக்குரிமை பறிக்கப்பட்டு, பங்குகள் குறித்த காலத்துக்குள் விற்கப்படட்டும். வேறு பெயரில் வேறு கிளப் வாங்க அவருக்குத் தடை இருக்கட்டும்.

இங்கிலாந்தில் 2025 ஜூலையில் நிறைவேறிய கால்பந்து நிர்வாகச் சட்டம் இந்தத் திசையில் சில அடிகள் எடுத்து வைத்திருக்கிறது. தனி ஒழுங்குமுறை அமைப்பு, ஏற்கனவே இருக்கும் முதலாளிகளையும் சோதித்து வெளியேற்றும் அதிகாரம், மைதானத்தை விற்க முன் அனுமதி, சின்னத்தையும் ஜெர்சி நிறத்தையும் மாற்ற ரசிகர்களில் பெரும்பான்மையோரின் ஒப்புதல் ஆகியவை அதில் உள்ளன. ஜெர்மனியில் கிளப்பின் வாக்குகளில் பாதிக்கு மேல் ஒன்றாவது கிளப் உறுப்பினர்கள் கையில் இருக்க வேண்டும் என்ற விதி நெடுநாளாக உண்டு. வாக்குள்ள உறுப்பினர் எண்ணிக்கையை விரல்விட்டு எண்ணும் அளவில் வைத்து அதையும் சுற்றிப் போகலாம் என்று அங்குள்ள லைப்சிக் கிளப் காட்டியது வேறு விஷயம்.

நம் நாட்டில் இவற்றில் எதுவும் இல்லை. 2022 மார்ச் 20 அன்று கோவாவில் பெனால்டியில் நம் பிளாஸ்டர்ஸைத் தோற்கடித்துக் கோப்பை வாங்கிய ஹைதராபாத் எஃப்சியை அன்றிரவு நான் வாயாரத் திட்டினேன். அந்தக் கிளப்பே 2019இல் புனே கிளப் கலைந்த இடத்தில் முளைத்தது. சம்பளப் பாக்கியில் சிக்கி, ஆட்டக்காரர்கள் ஒவ்வொருவராக விலகி, 2025இல் உரிமை கைமாறிப் பெயரும் மாறி அது டெல்லிக்குப் போய்விட்டது. எங்களைத் தோற்கடித்தவர்களுக்காக வருந்துவேன் என்று நான் நினைத்ததில்லை.

சென்ற மாதம் எங்கள் செவன்ஸ் கமிட்டிக் கூட்டத்தில் இந்த ஈட்டுத் தொகை யோசனையை எழுந்து சொன்னேன். "அப்படிக் கேட்டால் எந்த முதலாளி டீம் எடுப்பார்?" என்று மூத்தவர் ஒருவர் கேட்டார். கட்டத் தயங்குகிறவர் சம்பளத்தையும் தரப்போவதில்லை, அதை முன்கூட்டியே தெரிந்துகொள்வது நல்லதுதானே என்றேன். நெடுநேர வாக்குவாதத்துக்குப் பிறகு, முழுத் தொகை வேண்டாம், பாதியைக் கட்டட்டும் என்று முடிவாயிற்று. இதுவரை ஐந்து பேர் கட்டிவிட்டார்கள். முன்வரிசை நாற்காலிக்காரர் மட்டும் யோசித்துச் சொல்வதாகச் சொல்லியிருக்கிறார்.