பூநாரையை வரைபவர் அதை முதலில் யாருக்குக் காட்ட வேண்டும்?

யாழ்ப்பாணத்தின் மரங்களையும் பறவைகளையும் நீர்நிலைகளையும் வரைகின்ற நாங்கள், வர்ணம் காய்ந்தவுடனேயே படத்தை முகநூலில் பகிர்ந்துவிட்டு, கொழும்பில் ஒரு காட்சிக்கூடம் கிடைக்குமா என்று காத்திருக்கிறோம். இரண்டுமே தேவையானவைதாம். ஆனால் இந்த மண்ணின் இயற்கையை வரைந்த ஓவியம், அந்த மரத்தையும் அந்தக் கடலையும் நம்பிப் பிழைப்பவர்களின் கண்முன்னே முதலில் தொங்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

பூநாரையை எடுத்துக்கொள்வோம். மாரி காலத்தில் யாழ்ப்பாணக் கடனீரேரியிலும், 1938 இல் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்ட சுண்டிக்குளத்திலும் அவை கூட்டமாக இறங்குகின்றன. இளையவர்கள் பலர் அவற்றை உடல் முழுவதும் கடும் சிவப்பாகத் தீட்டுகிறார்கள். இணையத்தில் கண்ணைப் பறிக்கும் கரிபியன் பூநாரைகளின் படங்களே அதற்குக் காரணம் என்று நினைக்கிறேன். இங்கு வருவதோ பெரும் பூநாரை. கரையில் நின்று பார்த்தால் அது ஏறக்குறைய வெள்ளை. மேயும்போது மடித்த சிறகின் ஓரத்தில் மட்டும் சிவப்புத் தெரியும். எழும்பிப் பறக்கும்போதுதான் அந்தச் சிவப்பும் இறக்கை விளிம்பின் கறுப்பும் ஒன்றாக விரியும். நீர்வர்ணத்தில் அந்த வெள்ளைக்குத் தாளையே விட்டுவிட்டு, ஈரம் காயுமுன் சிறகோரத்தில் ஒரு துளிச் சிவப்பை வைத்துப் பரவவிடுவதற்குக் கையும் பொறுமையும் வேண்டும். நாள்தோறும் களங்கண்ணிக்கு, அதாவது கடனீரேரியில் தடி நட்டுக் கட்டும் மீன்வலைக்கு, போய்வருகிற ஒருவர் அந்தப் படத்தின் முன் ஒரு நிமிடம் கூடுதலாக நின்றால், அதைவிடப் பெரிய மதிப்பீட்டை எந்தக் காட்சிக்கூடத்திலும் நான் எதிர்பார்க்க மாட்டேன்.

அத்தகைய ஒரு மதிப்பீட்டை ஒரு சனசமூக நிலையத்தில் வைத்த கண்காட்சியில் நேரில் கேட்டேன். கள்ளிறக்கும் தொழிலில் ஆயுளைக் கழித்த ஐயா ஒருவர் என் பனை ஓவியமொன்றின் முன்னால் வந்து நின்று, விரல்களாக நீண்டிருந்த பாளைகளைச் சுட்டி, "இது ஆண்பனை, தம்பி. பாளை நல்ல பதம், சீவலாம்" என்றார். பக்கத்தில் இருந்த வடலியின், அதாவது இளம் பனையின், படத்தைக் காட்டி, "இது ஆணோ பெண்ணோ எண்டு பூக்கும்வரைக்கும் ஒருத்தருக்கும் தெரியாது" என்றார். படத்தை அவர் ஒரு மரமாகவே பார்த்தார்.

இயற்கைக் காட்சி வெறும் கண்குளிர்ச்சி, யாழ்ப்பாணத்து ஓவியர் போரைத்தான் வரைய வேண்டும் என்று சிலர் சொல்கிறார்கள். இதை நான் முற்றாக மறுக்கிறேன். பதுங்குகுழிகளுக்காகத் தறிக்கப்பட்ட பனைகள் எத்தனை! பனைக்கு வளரும் குருத்து ஒன்றே ஒன்றுதான். எறிகணை அதைக் கொண்டுபோனால் மரம் மீண்டும் தழைக்காது, மொட்டையாகவே நின்று பட்டுப்போகும். அப்படி நிற்கும் ஒரு பனையை உள்ளபடி வரைந்தவர் போரையும் சேர்த்தே வரைந்திருக்கிறார். ஓவியர் மாற்கு இங்கேயே இருந்து வரைந்தும் கற்பித்தும் ஒரு தலைமுறையை உருவாக்கினார். போரால் யாழ்ப்பாணத்து மக்கள் ஊரைவிட்டு வெளியேறிய 1995 ஒக்ரோபர் இடப்பெயர்வில் எத்தனையோ வீடுகளில் படங்களும் கைவிடப்பட்டன. பார்த்தவர்களின் நினைவைத் தவிர அவற்றுக்கு வேறு பிரதி இல்லை. ஊரவர் பார்த்திருக்க வேண்டும் என்று நான் வற்புறுத்துவதற்கு இதுவும் ஒரு காரணம்.

திருமறைக் கலாமன்றத்தின் கலைத்தூது கலாமுற்றம் போன்ற இடங்கள் ஓவியத்துக்கென்றே உருவானவை. அவை நிறைய வேண்டும். அவற்றோடு, கிராமந்தோறும் இருக்கும் சனசமூக நிலையங்களின் சுவர்களையும் நாங்கள் கேட்டுப் பெற வேண்டும். மார்கழி ஈரத்தில் தாளில் பூஞ்சணம் பிடிக்கும் என்பதால் மாசி, பங்குனி நல்ல காலம். பறவைகளும் அப்போது கடனீரேரியில் இருக்கும். படத்தின் கீழே 'அமைதி', 'அந்தி' என்று எழுதுவதை விட்டு ஊரையும் மாதத்தையும் எழுதுவோம். பெரிய படத்தை வாங்க முடியாத ஆசிரியரும் மாணவரும் கையில் கொண்டுபோகும்படி சிறிய பிரதிகளைக் குறைந்த விலையில் வைப்போம். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் கட்புலக் கலை பயிலும் பிள்ளைகளிடமும் இதைத்தான் கேட்கிறேன்: உங்கள் முதல் கண்காட்சியை உங்கள் ஊரிலேயே வையுங்கள். ஆணி அடிக்கவும் படம் தூக்கவும் நான் வருகிறேன்.